அதன் இடம்

புந்தா அரெனாஸில் மாலை ஏழரை மணி வகுப்பு.
ஜன்னலுக்கு வெளியே மகெல்லன் நீரிணை,
கண்ணாடியை உலுக்கும் காற்று.
எஃகுத் தட்டுகளில்
இரண்டு பேருக்கு ஒன்றாக
ஆட்டின் இதயம்.

இதற்கு நான் புதியவள் இல்லை.
இறைச்சி ஆலையில் பதினோரு பருவம்.
கொக்கியில் நகர்ந்து வரும் உடல்,
ஒரு வெட்டு, ஒரு இழுப்பு,
நுரையீரல் அந்தத் தொட்டிக்கு,
இதயம் இந்தத் தொட்டிக்கு.
ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு.
இந்த ஊரின் தலைகளை எண்ணினால்
அதைவிட அதிகம் இதயங்கள்
என் கையுறை வழியே போயிருக்கும்.
ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.
நேரம் ஏது?

"யஸ்னா, முதலில் இடம் எது, வலம் எது சொல்லுங்கள்"
என்றார் பேராசிரியை ஒரியெத்தா.
சுலபம். விரல் வைத்தேன்.
"அது உங்கள் இடம்.
அதன் இடம் எது?"

ஆலையில் எல்லாவற்றுக்கும்
எங்கள் பக்கத்திலிருந்துதான் பெயர்.
எதிரே தொங்குவதற்கும்
தனக்கென்று ஓர் இடம் வலம் இருக்கும் என்பது
நாற்பத்து மூன்று வயதில்,
ஃபார்மலின் நெடியில்,
ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது.

கண்ணை நம்பாதே, கிள்ளிப் பார் என்றார்.
கிள்ளினேன்.
ஒரு சுவர் மெல்லியது, விரலுக்கு வளைந்தது:
பக்கத்து வீட்டு நுரையீரலுக்கு
ரத்தம் ஊற்றிக் கொடுப்பது மட்டும் அதன் வேலை.
மற்றொன்று அசையவில்லை.
கொம்பின் அடி முதல் குளம்பு வரை
அனுப்ப வேண்டியவன்
அப்படித்தான் கெட்டிப்பட்டிருப்பான்.

மேலறையை வெட்டி நீக்கினோம்.
பெருந்தமனியை எலியேசர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள
கீழறைக்குள் ஊசிக்குழாயால் தண்ணீர் ஏற்றினேன்.
உள்ளே தளர்ந்து கிடந்த இரண்டு இதழ்கள்
மெல்ல உப்பின,
ஒன்றையொன்று தொட்டன,
சாத்திக்கொண்டன.

எலியேசர் கையை விட்டுவிட்டான்.
தண்ணீர் என் மேலங்கி முழுக்க.
"செத்துப்போனதுதானே இது!"

செத்ததுதான்.
வால்வில் தசை இல்லை, விருப்பமும் இல்லை.
தள்ளினால் மூடும், விட்டால் திறக்கும்.
லப், டப் என்று நாம் கேட்பது
இதயம் துடிக்கும் சத்தமல்ல,
கதவுகள் சாத்தும் சத்தம் என்றார் ஒரியெத்தா.
பத்தொன்பது வயது எலியேசர்
ஸ்டெதாஸ்கோப்பைத் தன் மார்பில் வைத்தவன்
அடுத்த கால் மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

பிறகு கத்தியால் கீழறையைப் பிளந்தேன்.
இதழ்களின் விளிம்பிலிருந்து சுவர் வரை
வெள்ளை வெள்ளையாய் நாண்கள்.
பல்லிடுக்கு நூலைவிடச் சற்றே தடிப்பு.
ஒன்றை விரலால் இழுத்தேன். அறவில்லை.
இவை இல்லையென்றால்
அழுத்தத்தில் இதழ்கள் மேல்நோக்கிப் புரண்டுவிடும்,
காற்றில் குடை திரும்பிக்கொள்வதுபோல,
என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

வகுப்பே சிரித்தது.
இந்த ஊரில் குடை வைத்திருப்பவர் யார்?
"எழுதியவர் இங்கே வந்ததே இல்லை" என்றது
ஒரு குரல் பின்வரிசையில்.

ஒன்பதரைக்கு வெளியே வந்தால்
காற்று உச்சத்தில் இருந்தது.
சதுக்கத்து முனையில்
நகராட்சி ஆட்கள் கயிறு கட்டியிருந்தார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
பிடித்தேன்.
முன்னே போகும் யாரோ ஒருவரின் எடை
கயிறு வழியே என் உள்ளங்கைக்கு வந்தது.
முகம் தெரியவில்லை,
சிவப்புத் தொப்பி மட்டும்.
தெருவைக் கடக்கும்வரை
நான் எதையும் நினைத்துப் பார்க்கவில்லை.
மூச்சு விடவே வேலை சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தேர்வு.
கேள்வி நான்கு: படத்தில் அம்புக்குறி இட்ட பகுதி எது?
அவசரத்தில்
வலது கீழறை என்று எழுதினேன்.
சிவப்பு மையில் ஒரு சுழி,
பக்கத்தில் இரண்டே சொல்:
யாருடைய வலது?

அந்தத் தாளை
குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
அது மூடும்போதெல்லாம்
மெல்லியதாய் ஒரு டப்.